சத்தியம் கேட்காத கூட்டம்

குற்றாலநாதர் சந்நிதியில் சூடம் அணைத்து, இனிக் கள் குடிக்க மாட்டேன் என்று மூன்று தடவை சத்தியம் செய்து, மூன்றையும் மீறியவன் நான். கடைசித் தடவை என் வீட்டுக்காரி கோபப்படக்கூட இல்லை.

“இனிமே சாமிகிட்ட பொய் சொல்லாதீங்க, பிள்ளைகளுக்கு ஆகாது. இன்னொரு தடவை குடிச்சா, இதுகளைக் கூட்டிக்கிட்டு ஆய்க்குடிக்கு எங்க அப்பா வீட்டுக்கே போயிருதேன்” என்றாள்.

எனக்கு அழுகை வரவில்லை. மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சாயங்காலம், முன்பு என்னோடு கள்ளுக்கடையில் குடித்து, பிறகு விட்டுவிட்ட கொத்தனார் ஒருவர் என்னைத் தென்காசியில் ஒரு பஜனை மடத்துக்குக் கூட்டிப்போனார். குடியை விட்டவர்கள் பத்துப் பேர் அங்கே வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சத்தியம் கேட்குமுன்னே நான் மடியிலிருந்து சூடத்தை எடுத்தேன்.

“அதை உள்ள வையும் அண்ணாச்சி” என்றார் ஒரு மாட்டுவண்டிக்காரர். “இங்கன இருக்கவன் எல்லாம் சூடம் அணைச்சு அணைச்சே கை வெந்தவன்தான்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை.

“இன்னைக்குக் குடிச்சீரா?” என்று வண்டிக்காரரே கேட்டார்.

“இல்ல.”

“அது போதும். நாளைக்கும் வந்து சொல்லும். குடிச்சிருந்தாலும் வந்து சொல்லும்.”

வீட்டுக்கு வந்து, இன்று குடிக்கவில்லை என்று மட்டும் அவளிடம் சொன்னேன். அவள் சோறு போட்டாள். மனசில் சந்தோஷம் ஒன்றும் எழவில்லை. ஆனால் வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் சாமி படத்தை நிமிர்ந்து பார்த்துத் திருநீறு பூசினேன்.