குறித்த நாளும் கேட்ட நாளும்

என் அண்ணனை விழுப்புரத்தில் அடக்கம் செய்த நாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் கேட்பது அழுகைச் சத்தம் அல்ல, அண்ணியின் குரல்தான். இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கல்லறைத் தோட்டத்து மண் குழைந்து, பெட்டியைச் சுமந்து வந்தவர்களின் கால்களில் அப்பிக்கொண்டிருந்தது. வாந்திபேதியில் போன உடல் என்பதால் அதிக நேரம் வைத்திருக்க முடியவில்லை. திண்டிவனத்தில் பெண்கள் பள்ளியில் வாத்தியாரம்மாவாக இருந்த நான், தந்தி கிடைத்ததும் முதல் ரயிலைப் பிடித்து வந்து, அண்ணன் முகத்தைப் பெட்டி மூடும் நேரத்தில்தான் பார்த்தேன். குழியருகே நின்று ஐயர் பிரசங்கம் செய்தார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்போம். நாம் தாயின் வயிற்றில் உருவாகுமுன்பே நம்முடைய நாட்களெல்லாம் ஆண்டவரால் குறிக்கப்பட்டுவிட்டன என்றார். உபதேசியாரான என் அண்ணன் கோலியனூருக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்திருந்தாலும் இந்த நாள் அவரைத் தேடி வந்திருக்கும், அதை ஒரு நாழிகைகூடத் தள்ளிவைக்க யாராலும் முடியாது என்றார்.

அப்போதுதான் அண்ணி பேசினாள். சத்தம் போடவில்லை. அடுப்படியில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"இல்லீங்க ஐயரே. வூட்டோட இருந்திருந்தா அவரு இன்னிக்கு உசுரோட இருந்திருப்பாரு. அங்க தண்ணி கெட்டுப் போயிருந்துச்சு. அதைக் குடிச்சாரு, செத்தாரு. இதை ஆண்டவர் மேல போடாதீங்க."

ஐயர் தலையைக் குனிந்துகொண்டு ஜெபத்தைச் சொல்லி முடித்தார்.

என் அண்ணன் அந்தச் சபையின் உபதேசியார், ஐயருக்கு உதவியாக ஊழியம் செய்பவன். யுத்த காலம் அது. கோலியனூர்ச் சேரியில் வாந்திபேதி கண்டு, பிணத்தைத் தூக்கக்கூட ஆள் இல்லை என்று செய்தி வந்தபோது, போக வேண்டியவர் ஐயர்தான். அவருக்கு அன்று குளிர்ஜுரம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிளம்பத்தான் பார்த்தாராம். அண்ணன்தான் தடுத்து, "நீங்க படுங்க ஐயரே, நான் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அங்கேயே தங்கி, செத்தவர்களைப் புதைத்து, இருந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, அவர்கள் மொண்டு கொடுத்த தண்ணீரைக் குடித்தான். வேண்டாம் என்றால் அவர்கள் மனம் நோகும் என்று நினைத்திருப்பான். அவன் சுபாவம் அப்படி. மாட்டு வண்டியில் படுக்க வைத்துத்தான் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அண்ணி குழியருகே பேசிய பேச்சு ஊர் முழுக்கப் பரவியது. சேரிப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டி, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. கல்லறையில் நின்று ஆண்டவருக்கு எதிராகப் பேசியவள் இனிமேல் வேதத்தை எப்படிக் கையால் தொடலாம் என்று சபைப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். வேலை போனால் அவள் இருந்த வீடும் போகும், அது சபையின் வீடு. அந்தக் கூட்டத்தில் ஐயர் கடைசியாக, "அந்தம்மா பேசுனது எனக்கு எதிரா. ஆண்டவருக்கு எதிரா இல்லை. எனக்கு வருத்தம் இல்லைன்னா உங்களுக்கு என்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாராம். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

பள்ளி விடுமுறையில் அண்ணிக்குத் துணையாக இருக்கப் போயிருந்தேன். ஒரு சாயங்காலம் ஐயரின் மனைவி, ஐயரம்மா, எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கும் வரவில்லை. ஐயர் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, ஜுரம் விட்டு எத்தனையோ நாள் ஆகியும் படுக்கையிலேயே கிடக்கிறார், கேட்டால் "நான்தான் போயிருக்கணும்" என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லை என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அண்ணி சேலையை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடவே போனேன். வழியில் என்னிடம் சொன்னாள்: "அன்னிக்கு அந்த மனுஷன் எனக்குப் பிரசங்கம் பண்ணலைம்மா. தனக்குத்தான் பண்ணிக்கினு இருந்திருக்காரு. எனக்குப் புரியாமப் போச்சு."

ஐயர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அண்ணியைக் கண்டதும் எழுந்து உட்கார முயன்றார். கன்னம் ஒட்டிப்போய், தாடி வளர்ந்து, வேறு யாரோ மாதிரி இருந்தார்.

"நாள் குறிச்சிருக்குன்னு நீங்க நம்புறீங்களா ஐயரே?" என்று கேட்டாள் அண்ணி.

"நம்புறேன்" என்றார் அவர்.

"நம்புனா ஏன் சாப்பிட மாட்டேன்றீங்க?"

அண்ணி தரையில் உட்கார்ந்தாள். "நான் நம்பலை. ஆனா உங்க மேல எனக்குக் கோபம் கிடையாது. அவரு தானாப் போனாரு. யாரும் புடிச்சுத் தள்ளலை, நீங்களும் இல்லை, ஆண்டவரும் இல்லை. எனக்கு அழுவணும் போல இருக்கு. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். அழுதுட்டுச் சாப்பிடலாம்" என்றாள். அந்தப் பெரிய மனிதர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். பிறகு ஐயரம்மா கொண்டுவந்த கேப்பைக் கூழை அண்ணி கையில் வாங்கி அவரிடம் நீட்டினாள். முழுவதையும் குடித்தார்.

அதன்பிறகு அவர்கள் இருவருக்கும் இடையில் ஒரு வழக்கு ஆரம்பித்தது. அது ஐயரின் ஆயுசு முழுக்க ஓடியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்த பின் கோயில் வாசல் வேப்பமரத்தடியில் நின்று இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். வேதத்தில் ஒரு ராஜா வருகிறான். நீ பிழைக்கமாட்டாய் என்று தீர்க்கதரிசி சொல்லிவிட்டுப் போனபின், சுவர்ப்புறம் திரும்பிப் படுத்து அழுது, ஆண்டவரிடம் பதினைந்து வருஷம் கூடுதலாக வாங்கிக்கொண்டவன். அவன்தான் அண்ணியின் சாட்சி. "குறிச்சது குறிச்சதுதான்னா அவனுக்கு மட்டும் எப்படிக் குடுத்தாரு?" என்பாள். அவன் அழுவான் என்பதும் ஆண்டவருக்கு முன்பே தெரியும், அந்தப் பதினைந்து வருஷமும் சேர்த்துத்தான் ஆதியிலேயே குறித்திருந்தார் என்பார் ஐயர். "தெரிஞ்சுக்கினே நீ சாவப்போறேன்னு சொல்லி அனுப்புனாரா? ஆண்டவர் அப்படி விளையாடுவாரா?" என்பாள் அவள். ஐயர் சிரித்துவிடுவார். ஜெயித்தது யார் என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அந்த நேரத்துக்காக இருவருமே வாரம் முழுக்கக் காத்திருந்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

இன்னொரு வருஷம் கோலியனூர்ப் பக்கம் மறுபடியும் வாந்திபேதி தலைகாட்டியது. சர்க்காரிலிருந்து ஊசி போட வந்தார்கள். சேரி ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நாள் வந்தால் ஊசி என்ன செய்யும் என்று அவர்கள் திருப்பிச் சொன்னது ஐயரின் பிரசங்கத்தைத்தான். அண்ணி நேராக அவரிடம் போய், "உங்க பேச்சு அங்க ஆளைக் கொல்லப் பார்க்குது, வாங்க" என்று அழைத்துக்கொண்டு போனாள். ஐயர் எல்லோருக்கும் முன்னால் அங்கியின் கையைச் சுருட்டி, முதல் ஊசியைப் போட்டுக்கொண்டார். ஒரு கிழவர் விடவில்லை.

"நாள் குறிச்சாச்சுன்னு நீங்கதானே ஐயரே சொன்னீங்க?"

"சொன்னேன். இப்பவும் சொல்றேன். ஆனா எந்த நாளுன்னு அவரு எனக்குச் சொல்லலையே. தெரியற வரைக்கும் ஊசி போட்டுக்கினுதான் இருக்கணும். நீ வா" என்று அந்தக் கிழவரின் கையைப் பிடித்து இழுத்தார். ஜனங்கள் சிரித்துக்கொண்டே வரிசையில் வந்தார்கள். அண்ணி வீடு வீடாகப் போய், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த முறை அங்கே ஒருவரும் சாகவில்லை.

சுதந்திரம் வந்த பிறகு ஐயர் ஓய்வுபெற்றுத் திண்டிவனத்துக்கு வந்துவிட்டார். சீக்கிரமே நெஞ்சில் நீர் கோர்த்துப் படுக்கையில் விழுந்தார். அண்ணி ரயிலில் வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போவாள், என் வீட்டில்தான் தங்குவாள். இன்னும் கொஞ்ச காலம் கொடு என்று தினமும் ஜெபிப்பதாக அவரிடமே சொன்னாள். "குறிச்சதைக் கேட்டு என்னம்மா ஆகப்போவுது?" என்று அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அது அடங்கியதும், "பரவாயில்லை, கேளு. நிறுத்திடாதே" என்றார்.

கடைசியாக நாங்கள் அவரைப் பார்த்தது ஒரு காலை நேரத்தில். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கண்ணில் நான் அதுவரை பார்க்காத ஒரு பயம் இருந்தது. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாக, "அன்னிக்கு நான் போயிருந்தா அவரு இருந்திருப்பாரு, இல்லையா?" என்று கேட்டார். இத்தனை வருஷ வழக்குக்குப் பிறகும் அவருக்குள் அந்தக் கேள்வி மட்டும் ஆறாமல் இருந்திருக்கிறது. என்ன சொல்லப்போகிறாளோ என்று நான் அவளையே பார்த்தேன். அண்ணி அவர் நெற்றியைத் தடவினாள்.

"இல்லீங்க ஐயரே. நீங்க போயிருந்தாலும் அவரு நாளு அதுதான். குறிச்ச நாளு. நீங்க சொன்னது சரி. நிம்மதியாத் தூங்குங்க" என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிடி தளர்ந்தது. அன்று மதியமே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது அண்ணியிடம் கேட்டேன், இப்போது நீயும் நம்புகிறாயா என்று.

"இல்லை" என்றாள். கொஞ்ச தூரம் நடந்தபின், "அவருக்கு அது வேண்டியிருந்துச்சு. பொய்யின்னா ஆண்டவர் என்னைக் கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றாள்.

அந்தப் பதிலை அவள் சொல்லிவிட்டிருப்பாள். அவளும் போய் வெகுகாலமாகிறது. நான் கிழவியாகிவிட்டேன். எங்கள் சபைக்கு இப்போது வந்திருக்கும் இளம் போதகர் ஒவ்வொரு அடக்கத்திலும் குறித்த நாளைப் பற்றித்தான் பேசுகிறார். எதிர்த்துப் பேச யாரும் இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் சொல்வது உண்மையா என்று இத்தனை வயசிலும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் ஆராதனை முடிந்ததும் செத்தவர் வீட்டாரிடம் போய், சாப்பிட்டார்களா என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன்.