அண்ணி கேட்ட இடம்

ஒரகடத்துக்குப் பக்கத்தில் நான் பிறந்து வளர்ந்த வீட்டை, ரோட்டை அகலப்படுத்துவதற்காக இடிக்கப் போகிறார்கள். கனடாவில் இருபது வருஷமாகக் குப்பை கொட்டும் எனக்கு இது ஒன்றும் தலைபோகிற செய்தியாகப் படவில்லை. ஓட்டு வீடு, மழை வந்தால் நாலு இடத்தில் ஒழுகும், போகட்டும் என்றுதான் நினைத்தேன். அண்ணி போன் செய்கிற வரைக்கும்.

"பாப்பா, திங்கக்கெழம ஜேசிபி வருதாம். எம் மொதல் புள்ளய எங்க வெச்சாங்கன்னு உனக்குத் தெரியும் இல்ல? ஒரு புடி மண்ணாவது எடுத்துனு போவணும். உங்க அண்ணன் சாவற வரைக்கும் வாயத் தொறக்கல."

தொண்ணூற்றொன்றில் எனக்குப் பத்து வயது. அண்ணி தாய்வீட்டிலிருந்து மூன்று மாதக் கைக்குழந்தையோடு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஜுரம் கண்டு, படப்பை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே குழந்தை போய்விட்டது. தலைச்சன் பிள்ளை. வெளியில் புதைத்தால் மந்திரவாதி மண்டையோட்டைத் தோண்டிக்கொண்டு போய் மை செய்வான் என்று எங்கள் பக்கம் பயம். அதனால் தலைச்சனை வீட்டுத் தோட்டத்திலேயே புதைப்பார்கள். பெற்றவளுக்கு மட்டும் இடத்தைக் காட்ட மாட்டார்கள். காட்டினால் அங்கேயே உட்கார்ந்து அழுவாளாம். என்ன நியாயமோ.

அப்பாவும் அண்ணனும் குழி தோண்டியதை நான் மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டேன். யாரும் தோண்டிவிடக் கூடாது என்று, கிணற்றடியில் கிடந்த துவைக்கிற கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து மேலே போட்டார்கள். அப்பா என்னைக் கவனித்துவிட்டார். "அண்ணிகிட்ட மூச்சு வுட்ட, தோல உரிச்சிடுவேன்" என்றார்.

குழந்தை போனதும் தாய்வீட்டுக்குப் போய், ஐந்து மாதம் கழித்துத் திரும்பிய அண்ணி, கல் ஏன் இடம் மாறியது என்று கேட்டாள். கிணற்றடி சேறாகிறது என்றார் அப்பா. அவளும் நம்பிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டுத் துணி எல்லாவற்றையும் அந்தக் கல்லில்தான் அடித்துத் துவைத்தாள், என் பாவாடை சட்டை உட்பட. எனக்கு அந்தச் சத்தமே ஆகாது. தோட்டத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். "மகாராணிக்கு ஒரு வாளி தண்ணி எடுத்தாந்தா கை தேஞ்சிடுமா?" என்பாள். சோம்பேறி என்ற பேரோடு இருந்துவிட்டேன்.

இப்போது எந்த வாயால் சொல்வது? வேப்பமரத்தடி என்று பொய் சொல்லிவிடலாம், கேட்க யாரும் உயிரோடு இல்லை. ஆனால் வெறும் மண்ணை அவள் முந்தானையில் முடிந்துகொண்டு போவதை நினைத்தால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

"அண்ணி, நீங்க துணி தொவைக்கிற கல்லுக்குக் கீழ."

சொல்லி முடிப்பதற்குள் நான் அழ ஆரம்பித்துவிட்டேன். தினமும் அதன்மேலேயே துணியை அடிக்கவிட்டோமே என்று ஏதேதோ உளறினேன்.

"இன்னாத்துக்கு அழுவுற?" என்றாள் அண்ணி. "எந்த மூலன்னு தெரியாம எல்லா மூலையிலயும் நின்னு கும்புட்டுனு இருந்தேன். தெனமும் அது பக்கத்துலதான் ஒக்காந்துனு இருந்திருக்கேன். இத சொல்றதுக்கு ஒனக்கு இவ்ளோ வருசமா?"