கல்லுக்குக் காவல்

என் மனைவியின் தம்பி மேல் எனக்குப் பொறாமை. மூடி மறைத்து என்ன பயன், தெருவுக்கே தெரியும்.

செடெனாக் ஊரை ஒட்டிய அரசாங்கக் காட்டில் எங்களுக்கு வேலை. கண்டபடி பரவிவிட்ட அகேசியா மரங்களை வேரோடு எடுத்துவிட்டு, காட்டின் சொந்த மரங்களை நடவேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் காட்டுக்கும் எஸ்டேட்டுக்கும் நடுவே நட்ட எல்லைக்கற்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. முழங்கால் உயரக் கருங்கல், தலையில் வெட்டிய எழுத்துகளில் பாசி. ஒரு கல்லில் கீறல் விழுந்தாலும் குத்தகை போய்விடும் என்று வன அதிகாரி எங்கள் காண்ட்ராக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மண் தோண்டும் எக்ஸ்கவேட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு வலது பக்கம் கீழே சரியாகத் தெரியாது. அதனால் ஓர் ஆள் கல்லருகே சிவப்புக் கொடியோடு நிற்கவேண்டும்.

அந்த ஆள் நான். மெஷினில் அவன்.

காண்ட்ராக்டரிடம் அவனைக் கொண்டுவந்து சேர்த்ததே நான்தான். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை. என்னிடமும் லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் அவன் கைவேலை சுத்தம். கல்லை ஒட்டிய வேரை மட்டும், பல்லிடுக்கில் சிக்கிய நாரைக் குச்சியால் எடுப்பதுபோல எடுத்துவிடுவான். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். அவன் ஏர்கோன் குளிரில் பாட்டுக் கேட்பான். நான் கால் சப்பாத்துக்குள் புகுந்த அட்டையைப் பிடுங்குவேன். வீட்டில் மீன் தலை யார் தட்டுக்குப் போகும் என்று நினைக்கிறீர்கள்?

"அவன் மெஷின் ஓட்டுறான்ல, களைச்சுப் போயிருப்பான்" என்பாள் என் மனைவி. நாள் முழுக்க நின்றவன் களைக்கமாட்டானாம்.

காட்டின் அடுத்த பகுதிக்கு இன்னொரு மெஷின் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அந்த சீட்டில் நான் மனத்துக்குள் ஏறி உட்கார்ந்தே விட்டேன்.

அன்று மழை விட்டு மண் கொழகொழவென்றிருந்தது. காண்ட்ராக்டரும் அதிகாரியும் பார்வையிட வந்து தூரத்தில் நின்றிருந்தார்கள். சரிவில் மெஷின் வழுக்கியது. அதன் மண் அள்ளும் வாளி நேராகக் கல்லை நோக்கி வந்தது. உடையட்டும் என்றது என் மனம். குத்தகை போனால் என் சோறும் சேர்ந்து போகும் என்பதுகூட அப்போது தோன்றவில்லை. அவன் சட்டென்று வாளியை மண்ணில் ஊன்றினான். கல்லுக்கு ஒரு சாண் முன்னால் மெஷின் நின்றது. அது நின்ற பிறகுதான் என் தொண்டை திறந்தது.

"நிறுத்துடா!" என்று காடே அதிரக் கத்தினேன்.

இருவரும் ஓடி வந்தார்கள். அதிகாரி கல்லைத் தடவிப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். அவன் இறங்கி வந்தான். எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிறான் என்று நினைத்தேன்.

"மாமா கத்தலைன்னா கல்லு போயிருக்கும், பாஸ்" என்றான்.

காண்ட்ராக்டர் என் முதுகில் தட்டினார். "இந்த மாதிரி கண்ணு உள்ள ஆளு கிடைக்கிறது கஷ்டம் லா. அடுத்த பக்கமும் கல்லு நிறைய இருக்கு. நீ கீழயே நில்லு. ஓட்டுறதுக்கு எவனை வேணும்னாலும் பிடிச்சுக்கலாம்."

மச்சான் நல்ல மனத்தோடு சொன்னானா, தெரிந்தே என்னைக் கீழே நட்டானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். சீட் வேண்டுமென்றால் நான் ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும்: "நான் கத்துறதுக்கு முன்னாடியே இவன் நிறுத்திட்டான், பாஸ். என் கண்ணு ஒண்ணும் பெரிய கண்ணு இல்லை." அதைச் சொல்ல அவன் கையைப் புகழ வேண்டும். அதற்குக் கல்லோடு கல்லாக நிற்பதே மேல் என்று கொடியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

புது மெஷினுக்குக் குளுவாங் ஊரிலிருந்து வேறொருவன் வந்துவிட்டான்.