துவைத்தால் போதும், தூக்கிப் போட வேண்டாம்

துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தும் சாமான் விற்கிறவளிடம் வாடிக்கையாளர் இரண்டாவது தடவை வருவதில்லை. வந்தால் சண்டைக்குத்தான் வருவார். கடை வைத்து நொந்துபோனவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

செகந்திராபாத் பக்கம் அல்வாலில் என் வீட்டு முன்னறைதான் கடை. நாள்கணக்கில் காட்டில் நடக்கப் போகிறவர்களுக்கான சாமான்கள்: நானே தைக்கும் துணி நாப்கின், ஒன்றுக்குப் போனபின் பெண்கள் துடைத்துக்கொள்ளச் சின்னத் துண்டு, ரெண்டுக்குப் போனால் பாட்டிலில் மாட்டிப் பீய்ச்சிக் கழுவுவதற்கு ஓட்டை போட்ட மூடி. இதில் கோட்டை கட்டும் ஆசையெல்லாம் எனக்கு இல்லை. எங்கள் நடைக் குழு வருஷத்துக்கு ஒரு முறை ஒரு காட்டுப் பாதையில் நாலு நாள் நடக்கும். முட்டி வலி, பி.பி. மாத்திரை, மேல்வீட்டு மிக்ஸி சத்தம் எல்லாவற்றையும் அந்த நாலு நாளை நினைத்துத்தான் பொறுத்துக்கொள்கிறேன். போன வருஷம் வழியெல்லாம் டிஷ்யூவும் நாப்கினும் கிடப்பதைப் பார்த்த வனத்துறை ரேஞ்சர், இன்னொரு தடவை இப்படிக் கிடந்தால் பாதையையே மூடிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அன்றைக்குத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவள்தான்.

ஆணி இருக்க மூடி எதற்கு?

கார்த்திக் மதுரைக்காரன். அமீர்பேட்டில் ஹாஸ்டலில் தங்கி ஏதோ கோடிங் படிக்கிறான், எங்கள் குழுவில் புதுசு. மூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓட்டை போட்ட மூடிக்குக் காசா? ஹாஸ்டல்ல ஆணி இருக்கு ஆன்ட்டி" என்று போய்விட்டான். கெட்டிக்காரன் என்றுகூட நினைத்தேன்.

ஆணியைக் காய்ச்சி ஓட்டையும் போட்டிருக்கிறான். எதில்? இருந்த ஒரே குடிதண்ணீர் பாட்டிலின் மூடியில். இந்த வருஷ நடைக்கு வந்து பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே பை, சட்டை, சப்பாத்தி எல்லாம் சொதசொத. உடனே ரோட்டோரக் கடையில் பெரிய பாக்கெட்டாக ஈர டிஷ்யூ வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "அதைக் காட்டுக்குள்ள கொண்டுவராதே, பாதையை மூடிடுவாங்கடா!" என்று கத்தினேன். அவன் பதறவே இல்லை. "இதுவும் ஈரம்தானே ஆன்ட்டி, தண்ணி மாதிரிதான்."

அங்கிளுக்குப் பிடித்த துண்டு

திருமுல்கேரியிலிருந்து ஒரு தம்பதி எங்கள் குழுவோடு நடக்க வருவார்கள். அங்கிள் பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஆன்ட்டி என்னிடம் அந்தச் சின்னத் துண்டை வாங்கியிருந்தார். பயன்படுத்தியதும் பைக்கு வெளியே தொங்கவிடுங்கள், வெயிலே அதைச் சுத்தம் பண்ணிவிடும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆன்ட்டியும் அப்படியே தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார். பின்னால் வந்த அங்கிளுக்கு வேர்த்துக் கொட்டியது. துண்டை எடுத்தார், முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், கண்ணாடியையும் ஆற அமரத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஆன்ட்டி திரும்பிப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஊர் திரும்பியதும் இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். ஆன்ட்டி என் காதோரம் வந்து, "இனிமே எனக்கு டிஷ்யூதாம்மா, இந்த வம்பே வேண்டாம்" என்றார். அது என்ன துண்டு என்று இன்னும் அங்கிளிடம் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அங்கிள் அலமாரியைப் பார்த்துக்கொண்டே உற்சாகமாகச் சொன்னார்: "வேர்வையை என்னமா இழுக்குதும்மா! எனக்கு ஒரு நாலு கொடு."

கடைசியில் நடக்கலாமா?

துணி நாப்கினில் துவைப்பதுகூடக் கஷ்டமில்லை, காய வைப்பதுதான் கஷ்டம். வெயில் வேண்டும், வெயிலில் போட்டால் நாலு பேர் கண்ணில் படும். கூடாரத்துக்குப் பின்னால் பெண்களுக்கென்றே கொடி கட்டினேன். ஒருத்தியும் வரவில்லை. செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த ஸ்டெல்லா, பேங்கில் வேலை, தைரியசாலி. அவளைக் கேட்டால், "ஹவ், ஆமா மேடம், எல்லாரும் துவைச்சுப் பைக்குள்ள வெச்சாச்சு" என்கிறாள். ஈரத்தோடா வைத்தீர்கள் என்றால் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

சரி, நாமே வழிகாட்டுவோம் என்று துவைத்த நாப்கின் இரண்டை என் பைமேல் குத்திக்கொண்டு முன்னால் நடந்தேன். சாமந்திப்பூ போட்ட மஞ்சள் துணி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் குழுத் தலைவர் ராமமூர்த்தி சார் மூச்சு வாங்க ஓடி வந்து, எதிரே இருந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "மேடம், நீங்க கொஞ்சம் கடைசியில நடக்கறீங்களா?"

சாக்கு மூட்டை

நடை முடிந்த பிறகு நல்ல மழை பெய்தது. அப்புறம் ஒரு நாள் ரேஞ்சர் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். நானும் ராமமூர்த்தி சாரும் போனோம். பாதைக்குள் நுழையும் கேட்டில் புதுப் பூட்டு தொங்கியது. வனக் காவலர் சித்தூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் பேசுவார். எங்களைப் பார்த்ததும் ஒரு சாக்கைக் கவிழ்த்துக் கொட்டினார். டிஷ்யூவைக் காணோம். கொட்டியதெல்லாம் துணி நாப்கின். என் தையல் எனக்குத் தெரியாதா? துவைத்துப் பைக்குள் வைத்தாச்சு என்றார்களே, அத்தனையும் புதர்களுக்கு அடியில் கிடந்திருக்கிறது. காய வைக்க வெட்கம், ஈரத்தோடு சுமக்க அருவருப்பு, வீசியெறிய மட்டும் யாருக்கும் கூச்சமில்லை!

அங்கேயே கல்மேல் உட்கார்ந்து அழுதேன். இனி எந்த வருஷமும் அந்த நாலு நாள் எனக்கு இல்லை. சார் ரேஞ்சரிடம் கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. காவலர் நல்ல மனுஷன். என்னைத் தேற்ற நினைத்தாரோ என்னவோ, ஒரு நாப்கினை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டிஷ்யூன்னா ஒரு மழையில கரைஞ்சு போயிடுது மேடம். உங்களது நல்ல துணி, அப்படியே கெடக்குது."

இப்போது தினமும் காலையில் எங்கள் காலனி ரோட்டையே சுற்றிச் சுற்றி நடக்கிறேன். குப்பை கிடக்கிறது என்று அதை மட்டும் யாரும் மூடிவிடப் போவதில்லை.