ரெண்டு எஸ்

என் மகளுக்குப் பேர் வைக்க நானும் வீட்டுக்காரரும் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஊரில் யாருக்கும் இல்லாத பேராக இருக்கணும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். கடைசியில் ஒன்று கிடைத்தது. கே.கே. நகரில் ஸ்கூலில் சேர்த்துவிட்டு, முதல் நாள் சாயங்காலம் வகுப்பு வாசலில் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் மூன்று பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வருகின்றன. தேடித் தேடி வைத்த லட்சணம்! இப்போது அந்த மூவரையும் ஒன், டூ, த்ரீ என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். என் மகள் டூ. பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் நான் "டூ மம்மி". அவள் அதற்கெல்லாம் துளிகூடக் கவலைப்படவில்லை. டூ என்று கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே ஓடுகிறாள். எனக்குத்தான் அதைக் கேட்கப் பிடிப்பதில்லை.

காரணம் இருக்கிறது. நான் பிறந்த சமயத்தில் திருச்சியில் பெண் குழந்தை பிறந்த வீடெல்லாம் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே பேரை வைத்தார்கள். அந்தப் பேரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்களில் பாதிப் பேர் "நம்மளைத்தான் சொல்றா" என்று சண்டைக்கு வருவார்கள். ஆறாம் வகுப்பில் எங்கள் செக்‌ஷனில் மட்டும் அந்தப் பேரில் நாங்கள் நான்கு பேர். இனிஷியலோடு முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிட யாருக்குப் பொறுமை இருக்கிறது? பேர் உதிர்ந்து இனிஷியல் மட்டும் நின்றது. ஒருத்தி கே, ஒருத்தி ஆர், ஒருத்தி எஸ். நான் எம். "ஏய் எம், ரப்பர் குடு." "எம், உன்னை மிஸ் கூப்பிடறாங்க." காலையில் பிரேயரிலிருந்து சாயங்காலம் பெல் அடிக்கிறவரை நான் அந்த ஓர் எழுத்துதான்.

அந்த எழுத்துக்குச் சொந்தக்காரர் எங்கள் வீட்டில் இல்லை. நான் மூன்றாவது படிக்கும்போதே அப்பா போய்விட்டார். கண்காணாத தேசத்துக்கு ஒன்றும் போகவில்லை, காட்டூருக்குப் போனார். துவாக்குடிப் பக்கம் ஃபேக்டரியில் வேலை, காட்டூரில் இன்னொரு குடும்பம். நாங்கள் இருந்த ஸ்ரீரங்கத்துக்கும் காட்டூருக்கும் நடுவில் என்ன, கடலா இருக்கிறது? சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு பஸ் மாறினால் வந்துவிடலாம். வரவில்லை. முதல் தீபாவளிக்கு மட்டும் வந்து, வாசலிலேயே நின்று ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார். அப்புறம் அதுவும் நின்றது. அம்மா சின்னக்கடை வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனாள். நாள் பூரா நின்றபடி புடவையை விரித்துக் காட்டணும், மடித்து வைக்கணும், அடுத்தவருக்கு மறுபடி விரிக்கணும். வீட்டுக்கு வந்து காலை நீட்டினால் கணுக்கால் வீங்கிக் கிடக்கும்.

அம்மா அப்பாவின் பேரைச் சொல்லி நான் கேட்டதே கிடையாது. புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்று முன்பு சொல்லமாட்டாள். அவர் போன பிறகு அந்தப் பேரை வாயில் வைக்கப் பிடிக்காமல் சொல்லவில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ரெண்டும் ஒன்றுதான். எனக்கு வித்தியாசம் தெரியும். முன்பெல்லாம் யாராவது "வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டால் வெட்கப்பட்டுக்கொண்டே "நீ சொல்லுடி" என்று என்னைத் தள்ளிவிடுவாள். இப்போது கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஒரு நாள் கடை லீவு. அம்மா என்னைக் கூட்டிப்போக ஸ்கூல் கேட்டுக்கே வந்துவிட்டாள். அம்மாவைப் பார்த்த சந்தோஷத்தில் நான் ஓடிவர, பின்னால் ஒரு கூட்டமே கத்திக்கொண்டு வந்தது. "எம்! ஏய் எம்! டிபன் பாக்ஸை விட்டுட்டுப் போறியேடி!" நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தேன். அம்மா முகம் செத்திருந்தது.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறின பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"உன்னை எப்பவும் இப்படித்தான் கூப்பிடறாங்களா?"

"ஆமாம்மா. நாலு பேர் இருக்கோம்ல."

"நாள் பூராவா?"

"நாள் பூராதான்."

"நான் பெத்தேன். நான் வளக்கறேன். நின்னு நின்னு கால் வீங்கி நான் சோறு போடறேன். அங்க போனா நீ அந்த ஆளோட எழுத்தா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அம்மா யாரையும் சட்டை பண்ணவில்லை. நான் மடியில் இருந்த பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் பொய் சொல்லணும், எனக்கு அந்த எழுத்தைப் பிடித்திருந்தது. அப்பா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார், இதை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார், அதனால் என்றைக்காவது வருவார் என்று மனசுக்குள் ஒரு நினைப்பு. அம்மாவிடம் இதைச் சொன்னால் என்னைக் கொன்றே போட்டிருப்பாள்.

மறுநாள் கடைக்குப் போகிற வழியில், யூனிஃபார்ம் புடவையோடு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். எங்கள் வகுப்பு மிஸ் நல்லவர், ஆனால் எப்போதும் அவசரத்தில் இருப்பவர். அம்மா சுற்றி வளைக்கவில்லை. "ரெஜிஸ்டர்ல என்ன வேணா இருக்கட்டும் மிஸ். அதை மாத்தச் சொல்லலை. வாயால கூப்பிடறதை மட்டும் மாத்துங்க. என் எழுத்தைச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றாள்.

"உங்க எழுத்து என்னங்க?"

"எஸ்."

மிஸ் பாவம், சங்கடமாகச் சிரித்தார். "எஸ்னு ஏற்கெனவே ஒருத்தி இருக்காளேம்மா." ஸ்ரீரங்கம் என்று கூப்பிடட்டுமா என்று கேட்டார். ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறவர்களே பாதி வகுப்பு. குட்டையாக இருக்கிறாளே, குட்டி என்று கூப்பிடட்டுமா என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்க்க எனக்கு அப்படியொரு பரிதாபமாக இருந்தது. "வேண்டாங்க மிஸ், விடுங்க" என்று சொல்லிவிட்டு, கடைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள்.

இவ்வளவையும் ஒருத்தி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வகுப்பு நோட்டுகளை எடுத்துப் போக வந்த அந்த எஸ்ஸேதான். பொன்மலைக்காரி. அவள் அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. ஓயாத வாய். அவளுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. போச்சு, மானம் போச்சு என்று நினைத்தேன். என் வீட்டுக் கதையை அதுவரை நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

சாப்பாட்டு மணிக்கு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீ எஸ்ஸை எடுத்துக்கடி" என்றாள், பென்சில் கடன் கொடுக்கிற மாதிரி.

"அப்ப நீ?"

"நானும் எஸ்தான். இருந்தா என்ன, தேஞ்சா போயிடும்?"

என் வீட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அப்புறமும் கேட்டதில்லை. மறுநாள் காலையில் யாரோ என்னை எம் என்று கூப்பிட்டதற்கு, "அப்படி யாரும் இங்க இல்லை, அவ எஸ்" என்று பெஞ்சில் ஏறி நின்று சொன்னாள். மிஸ் "எஸ், போர்டைத் துடை" என்றார். இருவரும் எழுந்து போனோம். "ஒருத்தி போதும்" என்றார். இருவரும் உட்கார்ந்துவிட்டோம். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. கொஞ்ச நாள் மிஸ் திட்டிப் பார்த்தார், முறைத்துப் பார்த்தார், கடைசியில் அலுத்துப்போய் "ரெண்டு எஸ்ஸும் வாங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். அதற்கப்புறம் யாரைக் கூப்பிட்டாலும் சேர்ந்து எழுந்திருப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. நான் கணக்கில் தப்புப் போட்டால் அவளும் முட்டி வலிக்க நிற்பாள். அவள் வாய் பேசி மாட்டினால் நானும் வெளியே போவேன். அடேயப்பா, அவளால் நான் வாங்கின திட்டு கொஞ்சநஞ்சமில்லை!

அம்மாவிடம் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை என் டிபன் பாக்ஸ் கனத்தது. புளியோதரையை அழுத்தி அழுத்தி இருவருக்கு வைத்திருந்தாள். "அந்தப் பொண்ணுக்கும் குடு" என்றாள். பிறகு எந்த நாளும் ஒருத்திக்கு மட்டும் கட்டிக் கொடுத்ததில்லை. நானும் அந்தப் பழைய எழுத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் எழுத்தில் அழைக்கப்படுவது எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவுக்கு இது தெரிந்தால் வருவதை நிறுத்திவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது. வராத மனிதர் எதை நிறுத்துவது? சின்னப் பிள்ளைக்கு அவ்வளவு தெரியவில்லை.

ஒன்பதாவது போனபோது எம் என்ற ஒருத்தி இருந்ததே வகுப்பில் பலருக்கு மறந்துவிட்டது. மிஸ்ஸும் புதியவர். ஒரு மதியம் சாப்பாட்டு இடைவேளை முடிந்து பாடம் நடந்துகொண்டிருந்தது. ஆயாம்மா வாசலில் வந்து நின்று, எம் சேர்த்து எங்கள் பேரைச் சொன்னார். "யாரும்மா அது? அவங்க அப்பா வந்திருக்காரு. கேட்டுக்கிட்ட நிக்கறாரு. பாக்கணுமாம்."

முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி, பாவம், கள்ளமில்லாமல் சொன்னாள்: "எம்னு யாரும் இல்லை மிஸ். கே இருக்கா, ஆர் இருக்கா, ரெண்டு எஸ் இருக்காங்க." எழுந்திருக்கணும் என்று துடித்தது. எழுந்தால் அம்மா ஸ்டாஃப் ரூமில் நின்று கேட்டது என்ன ஆவது? உட்கார்ந்தே இருந்தால் அப்பா போய்விடுவாரே? மிஸ் ரெஜிஸ்டரை எடுக்கக் கை நீட்டினார். அதற்குள் பக்கத்தில் இருந்தவள் எழுந்து, "நாங்க ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வரோம் மிஸ்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

மாடிப்படி இறங்கினோம். கீழே குழாயடியில் நிறுத்தி, "மூஞ்சியைக் கழுவுடி, மை வழிஞ்சிருக்கு" என்றாள். கழுவினேன். அவிழ்ந்திருந்த என் ரிப்பனை இழுத்துக் கட்டிவிட்டாள். எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவு ஆசையாக இருந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்வதா, இல்லை கோபமாக இருக்கிற மாதிரி நிற்பதா என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

எனக்கு அவரைத் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. இளைத்திருந்தார், முன்மண்டை ஏறியிருந்தது, ஆனால் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்கிற அதே நிலை. இன்னொரு கையில் ஸ்வீட் கடைப் பை. பக்கத்தில் போய் நின்றோம். ஒரே யூனிஃபார்ம், ஒரே ரிப்பன், மடித்துக் கட்டின ரெட்டைச் சடை. அப்பா எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "என்னம்மா, நல்லா வளந்துட்டியே!" என்று பையை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. அந்த ஓயாத வாய்க்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையைப் பிடித்திருந்த பிடி மட்டும் இறுகியது. எனக்கு அழுகை வரவில்லை. உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது. அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படியொரு கோபம் எனக்கு வந்ததில்லை.

"நாங்க ரெண்டு பேருமே எஸ்ஸுங்க" என்றேன். "எம் போட்ட பொண்ணு எங்க கிளாஸ்ல இல்லைங்க. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம்."

என் குரலைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. நீட்டின கை அப்படியே நின்றது. நாங்கள் திரும்பி நடந்தோம். பின்னாலிருந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். எழுத்து எதுவும் சேர்க்காமல், வெறும் பேர். அது எங்கள் இருவருக்கும்தானே பேர்? இருவருமே திரும்பவில்லை. எதற்கு வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுபடி வரவும் இல்லை.

அம்மாவிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே "அப்பா ஸ்கூலுக்கு வந்தாரும்மா" என்று சொல்லிவிட்டேன். கத்துவாள், யாரைக் கேட்டுப் போய்ப் பார்த்தே என்று நாலு போடுவாள் என்று சுவரோரமாக நின்றேன். அம்மா தரையில் உட்கார்ந்தாள். எதற்கு வந்தார், என்ன பேசினார், ஒன்றும் கேட்கவில்லை.

"உன்னை அடையாளம் தெரிஞ்சுதா அவருக்கு?" என்றாள்.

"பாத்த உடனே தெரிஞ்சுதும்மா" என்றேன்.

அம்மா தலையை ஆட்டினாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். அவர் போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.