தரை தெரியாத தண்ணீர்

அடையாற்றங்கரையில் இருந்த ஒரு கிளப்பில் ஆயில் எஞ்சின் ஓட்டுபவனாக நான் வேலைக்குச் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில். மயிலாப்பூர் வக்கீல்களும் டாக்டர்களும் சேர்ந்து நடத்திய கிளப். அங்கே புதிதாக ஒரு நீச்சல் குளம் கட்டியிருந்தார்கள். குளத்து நீரை ஒரு மூலையில் பம்பால் உறிஞ்சி, மணல் நிரப்பிய இரும்புப் பில்டருக்குள் செலுத்தி, தெளிந்து வருவதைத் திரும்பவும் குளத்துக்கே அனுப்ப வேண்டும். எஞ்சினை ஓட்டுவது, மணலைக் கழுவுவது, படிகாரம் போடுவது எல்லாம் என் பொறுப்பு.

நான் மூன்றாம் பாரத்தோடு படிப்பை விட்டவன். ஒரு குழாய் தொட்டியை நிரப்ப, இன்னொரு குழாய் காலி செய்ய, தொட்டி எத்தனை மணியில் நிரம்பும் என்று ஒரு கணக்கு உண்டே, அதற்கு முந்திய பாடத்தில் நின்றுவிட்டேன். படித்ததைவிடப் பயந்ததுதான் அதிகம். “தூங்கறவங்க மூக்குல வெரல வச்சு மூச்சு வருதான்னு பாக்கற ஆளு” என்று என் மனைவி தெருவில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். பொய்யில்லை.

சித்திரை வெயிலில் குளம் கலங்கத் தொடங்கியது. முதலில் லேசாகப் பச்சை தட்டியது. நான் படிகாரம் போடப் போட, பச்சை போய்க் கழுநீர் நிறத்துக்கு வந்தது. ஏழடி ஆழமுள்ள பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தால் தரை தெரியவில்லை. இடுப்பளவு ஆழத்திலேயே தெரியவில்லை. திங்கட்கிழமை மெம்பர்களின் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு தொடங்குவதாக இருந்தது. இந்தத் தண்ணீரில் ஒரு குழந்தை முழுகினால் கரையில் நிற்பவனுக்குத் தெரியாது. அலை இரண்டு தரம் ஆடும், அடங்கும், அவ்வளவுதான்.  இதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

கிளப் செகரட்டரி ஒரு வக்கீல். அவரிடம் போய் நின்றேன்.

“தரை தெரியலைங்க ஐயா. புள்ளைங்கள எறக்கக் கூடாதுங்க.”

“தரையைப் பாத்துண்டு என்ன பண்ணப் போறே? நீந்தறது மேலேதானே?” என்றார். பக்கத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். “பம்ப் வச்சவன் என்ன சொன்னான்? பன்னண்டு மணி நேரத்துல தண்ணி பூரா ஒரு தரம் மாறிடும்னான். நீயும் கணக்குப் போட்டுட்டு ஆமாம்னே. இப்போ புதுசா என்ன?”

போட்டேன்தான். அறுபதடி நீளம், இருபத்தைந்தடி அகலம், ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் ஏழடி, சராசரி ஐந்தடி ஆழம். கன அடிக்கு ஆறேகால் கேலன் வைத்துப் பெருக்கினால் நாற்பத்தேழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பம்பின் பித்தளைத் தகட்டில் மணிக்கு நாலாயிரம் கேலன் என்று பொறித்திருந்தது. வகுத்தால் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகாது. வகுத்தல் சரி. தண்ணீர்தான் தெளியவில்லை.

“எல்லாத்தையும் தொறந்து விட்டுட்டுப் புதுசா நெரப்பிடலாங்களா?”

“கெணறு அடியைத் தொட்டுடுத்து. மெம்பர்ஸ் கை கால் அலம்பவே போறலை. போய் வேலையைப் பாரு.”

அன்று மத்தியானம் தகட்டை நம்புவதை விட்டேன். பில்டரிலிருந்து குளத்துக்குத் திரும்பும் குழாயைக் கழற்றிப் புல்தரைப் பக்கம் திருப்பினேன். குளத்துச் சுவரில் நீர்மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். இந்தக் குளத்தில் ஓர் அங்குலம் இறங்கினால் எண்ணூறு கேலனுக்குச் சற்றுக் குறைவு. ஒரு மணி நேரம் ஓட்டி, எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பார்த்தால் பம்ப் தள்ளுவது தெரிந்துவிடும்.

தோட்டக்காரர் ஓடி வந்தார்.

“இன்னா நைனா, என் புல்லுக்கு நீச்சல் கத்துத் தர்றியா?”

“ஒரு மணி நேரந்தான். கணக்கு ஒண்ணு பாக்கணும்.”

“நல்லா பாரு. தெனம் பாரு. செகரட்டரி கேட்டா மழ பேஞ்சிதுன்னு சொல்லிக்கிறேன்.”

இரண்டரை அங்குலம் இறங்கியிருந்தது. இரண்டாயிரம் கேலன்கூட இல்லை. தகட்டில் எழுதியிருந்தது வெறுமனே தூக்கி ஊற்றுவதற்கான கணக்கு. அழுந்திக் கிடக்கும் மணலுக்குள் நுழைத்துத் தள்ளுவதற்கு இல்லை. அப்படியானால் ஒரு சுற்றுக்கு முழுதாக ஒரு நாள். ஆனால் எஞ்சின் இரவும் பகலுமா ஓடியது? காலை ஆறு மணிக்குத் தொடங்கினால், சத்தமும் புகையும் ஆகாது என்று மெம்பர்கள் வரும் நாலு மணிக்கெல்லாம் நிறுத்திவிட வேண்டும். அதையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு நாளுக்கு மேல்.

அதோடு போகவில்லை. வீட்டில் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த நீரை முழுக்கச் சாய்த்துவிட்டுப் புது நீர் விட்டால், மூன்றாம் தரம் அரிசி கண்ணுக்குத் தெரிகிறது. அப்படிச் சாய்க்காமல், ஒரு பக்கம் ஊற்றிக்கொண்டே மறுபக்கம் வழிய விட்டால்? நல்ல நீரும் கழுநீரோடு கலந்துதானே வழியும்?  குளத்தில் நடப்பது அதுதான். மிச்சத்தில் பத்தில் ஒன்றாகப் பத்துத் தரம் கழித்துப் பார்த்தேன்; ஒரு சுற்று முடிந்தாலும் அழுக்கில் மூன்றில் ஒரு பங்கு உள்ளேயே நிற்கும். தரை தெரிய வேண்டுமானால் மூன்று நான்கு சுற்றாவது வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். திங்கட்கிழமைக்கு இருந்ததோ மூன்று நாள்.

“இன்னா, அரிசிய மொறைச்சிக்கினு கீற?” என்றாள்.

“புள்ளைங்க செத்துடும்” என்றேன். அவள் பானையைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் அடிக்கிறதா என்று.

இரவிலும் ஓட்ட அனுமதி கேட்டேன். பக்கத்துப் பங்களாவில் ஜட்ஜ் தூங்க வேண்டுமாம். வகுப்பைத் தள்ளிப் போடக் கேட்டேன். அழைப்பு போய்விட்டதாம். மணலை முழுக்க வெளியே எடுத்து அலசிப் போட்டேன். கை தோல் உரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டை இடுப்பாழத்தில் போட்டுப் பார்த்தேன். முழங்கை ஆழத்தில் மங்கி, அப்புறம் காணாமல் போயிற்று.

திங்கட்கிழமை காலை பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். ஆழத்துக்குப் போகாமலிருக்கக் குறுக்கே ஒரு கயிறு கட்டினேன். அதை மட்டும் யாரும் தடுக்கவில்லை. எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்திவிட்டுக் கரையில் நின்று தலைகளை எண்ணினேன். பதினொன்று. கூச்சலும் தெறிப்புமாக இருந்தது. பதினொன்று. ஒருவன் முழுகி எழுந்தான், பத்து, பதினொன்று. நீச்சல் சொல்லிக்கொடுக்க வந்தவர் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக் காலை உதைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்து. மறுபடி எண்ணினேன். பத்து. கயிறு ஆடிக்கொண்டிருந்தது.

எண்ணெய்க் கறை படிந்த உடுப்போடு கயிற்றுக்கு அப்பால் குதித்தேன்.

உள்ளே கண்ணைத் திறந்தால் எல்லாம் வெள்ளை. என் கையே எனக்குத் தெரியவில்லை. தரையைத் தடவினேன். மேலே வந்து மூச்சை வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கினேன். விரல்கள் என்று நினைத்து இறுகப் பற்றியது வடிகால் கம்பி. அதை இழுத்தேன், வரவில்லை, இன்னும் இழுத்தேன். நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஆனபோதுதான் விட்டேன். மூன்றாம் தரம் மேலே வந்தபோது தோட்டக்காரர் குரல் கேட்டது.

“ஏறி வா நைனா. அந்தப் புள்ள சமையக்கட்டுல குந்திக்கினு பிஸ்கோத்து துண்ணுது.”

கரையில் சிரித்தார்கள். கொஞ்ச நேரம்தான். பிறகு பிள்ளைகளை அவசர அவசரமாகத் தூக்கினார்கள். ஒரு மெம்பர், நான் காது கேளாதவன் போல, செகரட்டரியிடம் சொன்னார்: “எஞ்சின் ஓட்டறவன் எறங்கின தண்ணியில எங்காத்துக் கொழந்தை எறங்கணுமா?” இன்னொருவரும் அதையே சொன்னார்.

செகரட்டரி என்னைப் பார்க்காமல் பேசினார். “பூராத் தண்ணியையும் தொறந்து விடு. ஒரு சொட்டு இருக்கப்படாது.”

“கெணத்துல தண்ணி போறாதுங்களே ஐயா.”

“லாரியில வரவழைச்சுக்கறோம். தொறந்து விட்டுட்டு நீ வீட்டுக்குப் போ. நாளைலேர்ந்து வர வேண்டாம்.”

வடிகால் வால்வைத் திறந்தேன். கால்வாய் வழியாகத் தண்ணீர் ஆற்றுப் பக்கம் போகத் தொடங்கியது. மெம்பர்கள் போய்விட்டார்கள். நான் ஈர உடுப்போடு குளத்து விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.

“வேலயே போயிடுச்சி. இன்னும் இன்னாத்த பாத்துக்கினு கீற?” என்று தோட்டக்காரர் கேட்டார். வீட்டில் என்ன சொல்வது என்றும் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அடுத்த மாசம் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. ஆனாலும் எழுந்து போக முடியவில்லை.

சாயங்காலம் மூன்றடிப் பக்கம் தரை தெரிந்தது. பிறகு சரிவு. கடைசியில் ஆழமான பக்கத்தில் முழங்கால் அளவு நின்று, அதுவும் வடிந்தது. இறங்கிப் போனேன். பதினொரு பேரும் வீடு போய்ச் சேர்ந்தாயிற்று, அது எனக்குத் தெரியும். இருந்தும் நாலு மூலையிலும் குனிந்து குனிந்து பார்த்தேன். சேறு மட்டும் இருந்தது. அதையும் காலால் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறினேன்.