ராட்டின வண்டியின் பின்விளக்கு

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டை ஒட்டி ஒரு ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருந்தேன். லாரி, டிராக்டர், வேன் எது வந்தாலும் ஒயரிங் பார்ப்பேன். ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, கடையைத் திறந்த கையோடு ஒரு பழைய வேன் வந்து நின்றது. பின்னால் ஒரு டிரெய்லர். அதில் ராட்டினத்தின் இரும்புச் சட்டங்களும் மரக்குதிரைகளும் கயிறு போட்டுக் கட்டியிருந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்குப் போகிறவர்கள் என்று பார்த்ததும் தெரிந்தது.

வேன்தான் அவர்களுக்கு வீடு. ஜன்னலில் சேலை காய்ந்தது. உள்ளே ஸ்டவ், பானை, மேல் கம்பியில் ஒரு தொட்டில். ஓட்டி வந்தவனுக்கு முப்பது வயது இருக்கும். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அண்ணாச்சி, டிரெய்லர்ல பின்னாடி லைட்டு எரியல. கொஞ்சம் பாருங்க" என்றான். நான் கேட்காமலே மீதியையும் சொன்னான். முந்தின நாள் பொழுது சாயும் நேரம், சேத்தூரைத் தாண்டி ரோட்டோரம் மெதுவாக வந்துகொண்டிருந்திருக்கிறார்கள். பின்னால் மொபெட்டில் வந்த மில் தொழிலாளி ஒருவர் டிரெய்லரில் மோதி விழுந்துவிட்டார். தோள்பட்டை எலும்பு முறிந்து பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார்.

"நான்தான் பாக்காம விட்டுட்டேன். கிளம்பும்போது எரிஞ்சுது அண்ணாச்சி. நடுவுல ஒருக்கா எறங்கிப் பாத்திருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நேற்றிலிருந்து தன் புருஷன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று வேனுக்குள்ளிருந்து அவன் மனைவி சொன்னாள். மடியில் கைக்குழந்தை.

டெஸ்ட் லாம்ப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். டிரெய்லர் பல்புகள் நன்றாக இருந்தன. வேனுக்கும் டிரெய்லருக்கும் நடுவில் உள்ள பிளக்கில் வைத்துப் பார்த்தால் கரண்ட் வரவில்லை. அப்படியென்றால் கோளாறு வேனில். ஃபியூஸ் போயிருந்தது. புதியதைப் போட்டதும் பின்னால் இரண்டு சிவப்பும் பளிச்சென்று எரிந்தன. அவன் கும்பிட்டான்.

"ஃபியூஸ் சும்மா போகாது. வண்டிய ஒரு சுத்து எடுத்துட்டு வாங்க" என்றேன். ரோட்டோரப் பள்ளத்தில் ஒரு குலுங்கு குலுங்கியதுதான், விளக்கு அணைந்துவிட்டது. ஃபியூஸ் மறுபடியும் போய்விட்டது. ஓட்டுகிறவனுக்கு முன்னால் இருந்து இது தெரியவே தெரியாது.

சாக்கை விரித்து வேனுக்கு அடியில் படுத்து, பின்விளக்குக்குப் போகும் ஒயரைத் தடவிக்கொண்டே போனேன். பாதி தூரத்தில் ஒரு மெல்லிய ஒயர், ராட்டினத்துக்கு சீரியல் பல்பு போடுவார்களே அந்த ஒயர், அதோடு முறுக்கிச் சேர்த்திருந்தது. டேப் இல்லை. சேலைத் துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தது. அங்கிருந்து தகரத் தரையில் ஒரு ஓட்டை வழியாக மேலே, வேனுக்குள் போனது. தகர விளிம்பு ஒயரின் தோலை அறுத்திருந்தது. குலுங்கும்போதெல்லாம் செம்பு தகரத்தில் பட்டு ஃபியூஸ் போகிறது.

கோளாறைக் கண்டுபிடித்துவிட்டால் எனக்கு ஒரு துள்ளல் வரும். அடியில் படுத்தபடியே கத்தினேன்: "பிடிச்சாச்சு! எவனோ இதுல ஒயர் இழுத்திருக்கான். இவனாலதான் அம்புட்டும்!"

என் முகத்துக்கு நேர் மேலே, தரை ஓட்டை வழியாக அவன் மனைவியின் குரல் கேட்டது.

"நான்தான் அண்ணாச்சி."

நான் வெளியே வந்தபோது அவள் தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பல்பு தொங்கியது.

"ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை.

"முந்தாநா ராத்திரி பிள்ள இருட்டுல கத்துனான். நீங்க கண்ணு எரிய ஓட்டிட்டு வந்து தூங்குனீய. எதுக்கு எழுப்பணும்னு நானே வண்டிக்கு அடியில போய்ப் போட்டேன்" என்றாள்.

பழைய வண்டி, ஒயர் தேய்ந்து போச்சு என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவன் சுமந்துகொண்டிருந்ததை எடுத்து அவள் தலையில் வைத்துவிட்டது என் வாய். அந்த ஒயரை நீக்கி, டேப் சுற்றி, விளக்குகளைச் சரி செய்யும்வரை அவள் பக்கம் நான் திரும்பவில்லை.

வேலை முடிந்ததும் அவள் குழந்தையைப் புருஷன் கையில் கொடுத்தாள். "ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகணும்?" என்று என்னிடம் கேட்டாள்.

"வேண்டாம். அவிய ஆளுக கோவத்துல இருப்பாக" என்றான் அவன். அவள் ஏற்கெனவே ரோட்டில் இறங்கிவிட்டாள். கடையைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன். கூட்டிப்போவதைத் தவிர அவளுக்குச் செய்ய என்னிடம் வேறொன்றும் இல்லை.

அடிபட்டவர் தோளோடு கட்டுப்போட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவர் மனைவி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். இவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நேத்து நீங்க மோதுன வண்டி எங்களுது. பின்னாடி லைட்டு எரியல. பிள்ளைக்கு வெளிச்சத்துக்குன்னு நான் ஒயர் இழுத்து அது கெட்டுப்போச்சு. எம் புருஷன் மேல தப்பு இல்ல."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். நிமிர்ந்து உட்காரப் பார்த்தார், வலியில் முடியவில்லை. மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டியா? லைட்டு இல்ல, லைட்டு இல்லன்னு எம்புட்டுத் தடவ சொன்னேன்? குடிச்சிட்டு விழுந்தேன்னு ஊரெல்லாம் சொன்னியே."

அந்த மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். முன்னால் குடித்தவராம். நிறுத்தி வெகுநாள் ஆகியும் வீட்டில் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் கிளம்பும்போது அந்த அம்மா வராந்தாவரை வந்தாள். "செத்த நேரம் முன்னாடிகூட அவர ஏசுனேன் தாயி" என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

மறு வருஷம் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் அடிபட்ட அந்த மில் தொழிலாளியும் நின்றார், இரண்டு பிள்ளைகளோடு. சின்னவளைக் குதிரையில் தூக்கி வைக்க வலது கையை உயர்த்தினார். அது தோளுக்குமேல் போகவில்லை. இடது கையால் அணைத்துத் தூக்கி வைத்தார். அவரைப் பார்த்த உடனே ராட்டினக்காரி வேனுக்குப் பின்னால் போய்விட்டாள்.

அவரும் அவளைப் பார்த்திருந்தார். "அந்தப் பிள்ளைட்ட நான் சொகம் கேட்டேன்னு சொல்லுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

போய்ச் சொன்னேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அவியளுக்குக் கை தூக்க வருதா அண்ணாச்சி?"

"நல்லாத் தூக்குறாரு" என்றேன்.